கல் மேடையின் ஓரம்: வெட்டு முதல் மெருகு வரை

சமையலறையிலோ கைகழுவும் இடத்திலோ கல் மேடை அமைக்க முடிவு செய்பவர்கள் பெரும்பாலான நேரத்தைக் கல்லின் நிறத்துக்கும் வரியோட்டத்துக்கும் செலவிடுகிறார்கள். ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதோ, அளவெடுக்க வந்தவர் கிளம்பும் நேரத்தில் கேட்டுவிட்டுப் போகும் கேள்வியாகவே இருக்கிறது. உண்மையில் பட்டறையின் கைத்திறன் முழுவதும் வெளிப்படுகிற இடம் ஓரம்தான். ஸ்லாப் எனப்படும் பலகைக்கல் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதன் மேல்முகம் பெரிய இயந்திரங்களில் மெருகேற்றப்பட்டிருக்கும். பட்டறையில் அதைப் பொதுவாகத் தொடுவதே இல்லை. ஓரமோ, அறுத்த பிளேடின் தடங்களோடு, மங்கிய நிறத்தில், சொரசொரப்பாக நிற்கும். அந்தப் பட்டையை மேல்முகத்தோடு வேறுபாடு தெரியாத பளபளப்புக்குக் கொண்டுவருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதை, இத்தொழிலை முதன்முறையாக அறிய வருபவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில், ஓரத்தை ஏன் அறுத்தபடியே விட்டுவிடக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையையும் திடீர் அடியையும் அவ்வளவாகத் தாங்காது. செங்கோணமாக அறுபட்ட கூர்விளிம்பில் ஒரு பாத்திரம் மோதினால், அந்த அடியைப் பகிர்ந்துகொள்ள அதற்குப் பின்னால் போதிய கல் இல்லாததால், சிறு சில்லாகப் பெயர்ந்து விழும். கூர்விளிம்பை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்கு மழுக்கினாலே இந்தச் சேதம் பெரிதும் குறைந்துவிடும். ஆகவே "எனக்கு எந்த டிசைனும் வேண்டாம், நேராக இருந்தால் போதும்" என்று சொல்பவருடைய மேடைக்கும் இந்தக் குறைந்தபட்ச மழுக்கல் தேவைப்படுகிறது. அழகுக்காகச் செய்யப்படும் மற்ற வளைவுகளெல்லாம் இந்தத் தேவையின் மேல் கட்டப்பட்டவைதாம்.

வடிவங்களின் பெயர்கள் பட்டறைக்குப் பட்டறை மாறுகின்றன. கூர்விளிம்பை மட்டும் லேசாக உருட்டுவது ஒருவகை. 45 பாகையில் சரிவாகச் சீவுவது பெவல். மேல்பாதியை மட்டும் உருட்டுவது ஹாஃப் புல்நோஸ் அல்லது ஹாஃப் ரவுண்ட். மேலும் கீழும் சேர்த்து அரைவட்டமாக்குவது ஃபுல் புல்நோஸ். இவற்றுக்கு மேல், உட்குழிவும் வெளிப்புடைப்பும் அடுத்தடுத்து வந்து எஸ் எழுத்துப் போல வளைவது ஓஜீ. மேலே சிறிய செங்குத்துப் படியும் அதன் கீழே கால்வட்டமும் கொண்டது டூபான்ட். இவற்றுள் பெரும்பாலானவை பழங்காலக் கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் கல் மோல்டிங்குகள் எனப்படும் அலங்கார விளிம்புகளிலிருந்து வழிவழியாக வந்த வளைவுகள். புடைப்பு, குழிவு, இரண்டும் கலந்தது என்ற மூன்றே அடிப்படைகளுக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். பெயரை மட்டும் நம்பி ஒப்புக்கொள்வதைவிட, குறுக்குவெட்டைத் தாளில் வரையச் சொல்லியோ, அதே வடிவில் செய்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தோ முடிவு செய்வது பிற்பாடு வரக்கூடிய சச்சரவைத் தவிர்க்கும்.

கல்லின் கனம் வடிவத்தைக் கட்டுப்படுத்துகிறது. மேடைகளுக்கான ஸ்லாப்கள் பெரும்பாலும் 20 மி.மீ. அல்லது 30 மி.மீ. கனத்தில் வருகின்றன. 20 மி.மீ. கல்லில் ஃபுல் புல்நோஸ் செய்தால் வளைவின் ஆரம் 10 மி.மீ.தான்; 30 மி.மீ. கல்லில் அது 15 மி.மீ. ஆகும்போது பார்வைக்கே வேறொரு பொருளாகிவிடுகிறது. ஓஜீ போன்ற கலப்பு வளைவுகள் 20 மி.மீ.க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வளைவே தெரியாது.

நீர் வழிகிற விதத்தையும் வடிவம் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. ஃபுல் புல்நோஸில் மேலிருந்து வழியும் நீர், எங்கும் அறுபடாத வளைவைப் பற்றிக்கொண்டே அடிப்புறம் வரை ஊர்ந்து சென்று, கீழேயுள்ள மர அலமாரியின் தலையை நனைத்துவிடும். ஹாஃப் புல்நோஸிலோ பெவலிலோ கீழ்விளிம்பு ஏறக்குறைய கூர்மையாக இருப்பதால் நீர் அங்கேயே சொட்டிவிடுகிறது. ஃபுல் புல்நோஸ்தான் வேண்டுமென்றால், அடிப்புறத்தில் ஓரத்துக்கு இணையாகச் சில மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு காடி வெட்டச் சொல்வது நல்லது. நீர் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். புழக்கம் அதிகமுள்ள சமையல் மேடைக்கு என்னுடைய தேர்வு எப்போதும் எளிய வடிவமே. ஓஜீயின் குழிவிலும் டூபான்டின் படியிலும் பிசுக்கு சேரும், துடைப்பதற்கு அது எளிதல்ல. அவ்வடிவங்கள் கைகழுவும் மேடைக்கும் அலங்கார மேசைக்கும் பொருந்துகிற அளவுக்கு அடுப்படிக்குப் பொருந்துவதில்லை.

இனி வெட்டுக்கு வருவோம். கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவையில் பளிங்கின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3இலும், கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6இலும், குவார்ட்ஸ் 7இலும், வைரம் 10இலும் நிற்கின்றன. கிரானைட்டை வேகமாகவும் சிக்கனமாகவும் குடைய வைரத்துக்கு நிகர் வேறில்லை. 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்டு, பிறகு அது தொழிற்சாலைகளில் பெருமளவில் விளையத் தொடங்கியதால்தான், இன்று சிறு பட்டறையிலும் வைரத்தூள் பதித்த பிளேடுகளும் வீல்களும் சாதாரணக் கருவிகளாகப் புழங்குகின்றன.

வைரம் கடினமானது என்பதை எல்லோரும் அறிவார்கள். அதைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புப் பொருள்தான் கருவியின் குணத்தை முடிவு செய்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. வைரத் துகள்கள் உலோகத் தூளிலோ ரெசின் என்னும் செயற்கைப் பிசினிலோ புதைந்திருக்கின்றன. வேலை நடக்க நடக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் மழுங்கும். அதே நேரத்தில் சுற்றியுள்ள பிணைப்பும் தேய்ந்து, மழுங்கிய துகளை உதிர்த்துவிட்டு, உள்ளிருக்கும் புதிய துகளை வெளிக்காட்ட வேண்டும். மிகக் கடினமான கல்லில் துகள் விரைவில் மழுங்குவதால், பிணைப்பும் விரைவாகத் தேயக்கூடிய மென்மையோடு இருக்க வேண்டும். மணற்கல் போல மென்மையாக இருந்தாலும் அராவும் தன்மையுள்ள கல்லில், பிணைப்பு வெகுவேகமாக அரிக்கப்பட்டு நல்ல துகள்களும் வீணாக உதிர்ந்துவிடும் என்பதால், அங்கே கெட்டியான பிணைப்பு தேவை. கடினமான கல்லுக்கு மென்மையான கருவி, மென்மையான கல்லுக்குக் கடினமான கருவி என்பது கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் நியாயம் இதுதான். பொருந்தாத கருவியைப் போட்டால் அதன் முகம் கண்ணாடி போல வழவழப்பாகி, வெட்டாமல் கல்லின் மேல் வழுக்கிச் சுற்றும். அப்போது தொடக்கக்காரர்கள் செய்வது கூடுதலாக அழுத்துவது, அதனால் விளைவது சூடு மட்டுமே. அராவும் தன்மையுள்ள மென்கல்லிலோ, அதற்கென்றே விற்கும் சாணைக்கட்டியிலோ அந்த வீலைச் சில முறை ஓட்டினால், பிணைப்பு தேய்ந்து புதுத்துகள் வெளிவரும்.

வடிவத்தைக் குடைவதற்கு மூன்று வழிகள் உள்ளன. வீலைச் சுழற்றி ஓரத்தைக் குடையும், கையில் பிடிக்கும் கருவியான ரவுட்டர், கல்லை ஒரு முனையில் நுழைத்தால் மறுமுனையில் ஓரம் முடித்து வெளியே தரும் வரிசை இயந்திரம், கணினி வழிநடத்தும் சி.என்.சி. இயந்திரம் ஆகியவையே அவை. பின்னிரண்டும் பெரிய பட்டறைகளின் விஷயம். கொள்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் ரவுட்டரைக் கொண்டே விளக்குகிறேன். வேண்டிய வளைவின் எதிர்வடிவம் கொண்ட வைர வீலின் நுனியில் பேரிங் எனப்படும் உருளும் வளையம் ஒன்று இருக்கும். அந்தப் பேரிங் கல்லின் செங்குத்து ஓரத்தைத் தொட்டு உருண்டுகொண்டே போக, அதற்கு மேலுள்ள வீல் கல்லைக் குடைந்துகொண்டு போகும். எனவே ஓரத்தில் ஏற்கெனவே இருக்கும் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் வளைவில் அப்படியே பிரதியாகும். அறுப்பு கோணலாக இருந்தால் அதைப் பிறகு மெருகில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பது வீண். ரவுட்டரைத் தொடுவதற்கு முன்பே ஓரத்தை நேராக்கிவிட வேண்டும். ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்துக்கும் இறங்காமல், படிப்படியாக இறக்கிப் பல ஓட்டங்களில் முடிப்பதே முறை. மேல்முகத்தின் கூர்விளிம்பு பெயர்ந்துபோவது பெரும்பாலும் அவசர ஓட்டத்தில்தான்.

உள்மூலைகள் தனிப்பிரச்சினை. சுற்றும் வீலுக்கு ஓர் ஆரம் இருப்பதால், இரு ஓரங்கள் உள்நோக்கிச் சந்திக்கும் இடத்தில் அது தன் ஆரத்துக்குக் குறைந்த வளைவைத் தர முடியாது. அந்த மூலையைக் கூர்மையாகக் கொண்டுவர வேண்டுமானால் உளியும் சிறு அரைப்புக் கருவிகளும் கொண்டு கையால் செதுக்கியே ஆக வேண்டும். வெளிமூலைகளில் இத்தொல்லை இல்லை.

கனமான தோற்றம் வேண்டும்போது, அதே ஸ்லாபிலிருந்து அறுத்த பட்டையொன்றை ஓரத்தின் அடியில் ஒட்டி, 20 மி.மீ.யை 40 மி.மீ. ஆக்குவார்கள். நிறம் கலந்த பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸி பசை இதற்குப் பயன்படுகிறது. ஒட்டுக்கோடு எங்கே விழுகிறது என்று கவனித்தால் வடிவத்தேர்வின் மற்றொரு பக்கம் புரியும். ஃபுல் புல்நோஸில் அக்கோடு வளைவின் நடுவில், கண்ணுக்கு நேரே, மிக முன்துருத்திய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓஜீயிலோ, வடிவத்தைச் சரியாகத் திட்டமிட்டால், குழிவும் புடைப்பும் சந்தித்து நிழல் விழுகிற திருப்பத்தில் அக்கோட்டை மறைத்துவிடலாம். அடியில் ஒட்டும் பட்டையை, அந்த ஓரத்தை ஒட்டி அறுபட்ட பகுதியிலிருந்தே எடுத்தால் வரியோட்டமும் ஓரளவு தொடரும். இதற்கு மாற்றாக, இரு துண்டுகளையும் 45 பாகையில் அறுத்து முகம் மடிந்தது போல இணைப்பதும் உண்டு. வரிகள் அறுபடாமல் கீழே இறங்குவதால் அது மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் இணைப்பு மூலையிலேயே இருப்பதால் அதைச் சிறிதளவே மழுக்க முடியும். ஆழமான வளைவைக் குடைந்தால் ஒட்டின் பரப்பு குறைந்து மூட்டு வலுவிழக்கும்.

வடிவம் கிடைத்துவிட்டது, ஆனால் ஓரம் இன்னும் வெளிறிப்போய், பழைய சுவர் போல இருக்கிறது. மெருகு என்பது கல்லின் மேல் பூசப்படும் பொருள் என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. முரட்டு வீல் விட்டுச்சென்ற கீறல்களில் ஒளி பட்டு நாலாபுறமும் சிதறுவதால் ஓரம் வெளிறித் தெரிகிறது. அந்தக் கீறல்களை அவற்றைவிடச் சிறிய கீறல்களால் அழித்து, அவற்றை இன்னும் சிறியவற்றால் அழித்துக்கொண்டே போனால், கடைசியில் மேற்பரப்பின் ஏற்றத்தாழ்வு ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்நிலையில் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, கல்லின் உண்மையான நிறமும் எழும்பி வருகிறது.

இதற்கான பேட்கள், அதாவது வைரத்துகள் பதித்த தேய்ப்பு வட்டுகள், கிரிட் எண்ணால் அடையாளம் காணப்படுகின்றன. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்பது வழக்கமான வரிசை. எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். எண்முறையின் வேர், ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் கொண்ட சல்லடையில் துகள் சலிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. 50 கிரிட் துகளின் அளவு சுமார் 0.3 மி.மீ. ஒவ்வொரு பேடின் கடமையும் ஒன்றே: முந்தைய பேடின் கீறலை முழுவதும் அழித்துவிட்டு, தன் கீறலை மட்டும் விட்டுச்செல்வது. 200ஐத் தாண்டிக் குதித்து 400க்குப் போனால், 100இன் கீறல்களின் அடிப்பள்ளத்தை 400ஆல் எட்ட முடியாது. அவற்றின் உச்சிகளை மட்டும் தேய்த்துவிட்டு அது நகர்ந்துவிடும். நேரம் பெரும்பாலும் செலவாக வேண்டியது முதல் சில முரட்டுப் படிகளில்தான். அங்கே ஒழுங்காக வேலை நடந்திருந்தால் பின்னுள்ள நுண்படிகள் விரைவாக முடிந்துவிடும்.

கருப்பு கிரானைட் ஓரம் ஒன்று 400 கிரிட் முடிந்த நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர் வழிந்துகொண்டிருக்கையில் அது ஏற்கெனவே பளபளப்பாக இருப்பதாகத் தோன்றும். நீர் கீறல்களை நிரப்பி மேற்பரப்பைத் தற்காலிகமாகச் சமமாக்கிக் காட்டும் மாயம் அது. பால் போன்ற கல்குழம்பைக் கழுவி, துணியால் துடைத்து, முற்றிலும் காயவிட்டு, ஒரு டார்ச்சைக் கல்லுக்குச் சாய்வாகப் பிடித்தால் உண்மை வெளிப்படும்: சீரான சாம்பல் படலத்துக்கு நடுவே, வெள்ளை மயிரிழை போன்ற சில பிறைவடிவக் கோடுகள் தனித்துத் தெரியும். அவை 100 கிரிட்டின் மிச்சம். அந்த நிலையில் 800ஐ எடுக்கக் கூடாது. 200க்குத் திரும்பிப் போக வேண்டும். கருநிறக் கல் ரகங்களில் இந்தக் குறைகள் இரக்கமில்லாமல் தெரியும், புள்ளிகள் நிறைந்த வெளிர் ரகங்களில் மறைந்துகொள்ளும். தொடக்கக்காரர் பழக வெளிர்நிறக் கிரானைட் துண்டுகளே ஏற்றவை. படி மாற்றும் ஒவ்வொரு முறையும் கல்லையும் பேடையும் கையையும் கழுவுவதும் அவசியம், ஏனெனில் தங்கிவிட்ட ஒரேயொரு முரட்டுத் துகள் நுண்படியின் உழைப்பைக் கெடுத்துவிடும்.

பேடைப் பிடிக்கும் விதத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தட்டையான ஓரத்துக்கு விறைப்பான பின்தட்டும், உருட்டிய ஓரத்துக்கு வளைந்துகொடுக்கும் பின்தட்டும் வேண்டும். குழிவுகளுக்குத் தட்டைப் பேட் எட்டாது, உருளை வடிவ வீலோ அந்த வளைவுக்கே உரிய மெருகு வீலோதான் பயன்படும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து ஓரம் அலையலையாகிவிடும். நீளவாக்கில், ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி, இடைவிடாமல் நகர வேண்டும். நீண்ட குழல்விளக்கின் பிம்பத்தை முடிந்த ஓரத்தில் பார்த்தால் அது நேர்கோடாகத் தெரிகிறதா, நெளிகிறதா என்பதை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம். பேட் மேல்முகத்தின் மேல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். தொழிற்சாலை மெருகின் மேல் முரட்டுப் பேட் ஒருமுறை பட்டால், ஓரத்தை ஒட்டி ஒரு மங்கிய பட்டை நிரந்தரமாக நிற்கும்.

வேகமும் நீரும் இணைபிரியாதவை. 100 மி.மீ. பிளேடு மாட்டும் சாதாரணக் கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் ஓடக்கூடியது. ஈரத்தில் வேலை செய்யும் மெருகு பேட்களோ பொதுவாக அதில் பாதிக்கும் குறைவான வேகத்துக்கே செய்யப்பட்டவை. ஆகவே வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, நடுவில் நீர் வரும் பாலிஷர் வேண்டும். நீர் சூட்டைத் தணிக்கிறது, அரைபட்ட தூளைக் கழுவிச் செல்கிறது. காற்றில் ஏறக்குறைய 700 பாகை செல்சியஸுக்கு மேல் வைரமே ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையத் தொடங்கும்; பேடின் ரெசின் அதற்கு வெகுமுன்பே கெட்டுவிடும். குவார்ட்ஸ் தூளையும் ரெசினையும் கலந்து செய்யப்படும் செயற்கைக்கல்லில் கல்லுக்குள்ளேயே ரெசின் இருப்பதால், சற்றே அதிகச் சூடு பட்டாலும் வெளிறிய தீய்வுத் தடங்கள் விழும், அவற்றைப் போக்குவதும் கடினம்.

கடைசி மெருகில் கற்கள் பிரிந்து நிற்கின்றன. கிரானைட்டில் 3000க்குப் பிறகு பஃப் பேடோ, டின் ஆக்சைடு போன்ற மெருகுப் பொடியோ போதும். ஆனால் அதிலுள்ள மைக்கா மென்மையானது என்பதால் சிறு குழிகளாகப் பெயர்ந்திருக்கும், அவற்றை எந்தப் பேடும் நிரப்பாது. பளிங்குக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த பொடிகளைப் பயன்படுத்துவது வழக்கம்; அங்கே தேய்மானத்தோடு வேதிவினையும் சேர்ந்து மெருகைத் தருகிறது. அதே பொடியைக் கிரானைட்டில் போட்டு அதே பலனை எதிர்பார்ப்பது வீண்வேலை.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் இத்தொழிலைச் சொல்லித்தருவது பொறுப்பற்ற செயல். குவார்ட்ஸ் உள்ள கல்லை உலர்வாக அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நோயை உண்டாக்கும். வழக்கமான செயற்கைக்கல்லில் குவார்ட்ஸ் எடையில் 90 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால் ஆபத்து மிக அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லின் பயன்பாட்டையே தடை செய்தது இதனால்தான். அமெரிக்காவில் பணியிடக் காற்றில் எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காவே உச்சவரம்பு. ஈரவேலையும், பொருத்தமான சுவாசக்கவசமும், தரையில் காய்ந்த குழம்பைப் பெருக்காமல் நீரால் கழுவுவதும் குறைந்தபட்சத் தேவைகள். முகத்தில் துணி கட்டிக்கொள்வது பாதுகாப்பே ஆகாது. நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியின் வழியாகவே மின் இணைப்பு எடுக்க வேண்டும்.

எல்லாம் முறைப்படி முடிந்த பிறகும் சில கிரானைட்டுகளில் ஓரம் மேல்முகத்தைவிட ஒரு சாயல் வெளிறித் தெரிவதுண்டு. மெருகில் குறை என்று எண்ணி மீண்டும் மீண்டும் தேய்ப்பதால் இது தீராது. பல ஸ்லாப்களின் மேல்முகத்தில், நுண்விரிசல்களையும் குழிகளையும் அடைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ரெசின் ஊட்டப்படுகிறது. அது நிறத்தைச் சற்று ஆழமாக்கிவிடுகிறது. புதிதாகத் திறக்கப்பட்ட ஓரத்தில் அந்த ரெசின் இல்லை. ஓரம் நன்றாகக் காய்ந்த பிறகு, நிறத்தை எழுப்பும் ஊடுருவு திரவத்தை மெல்லிய துணியால் ஓரத்தில் மட்டும் தடவி, உறிஞ்சியது போக எஞ்சியதை உடனே துடைத்தெடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் தடவி, மறுநாள் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு மேடையில் தடவுவது நல்லது, ஏனெனில் ஆழமாகிப்போன நிறத்தைக் கல்லிலிருந்து திரும்ப எடுப்பது மிகக் கடினம்.